ககான்களின் தூது, பட்டு, மகட்கொடை: துருக்கியப் புல்வெளி அரசுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே ‘துருக்கியர்’ என்று யாரைச் சொல்கிறோம்?

இன்றைய துருக்கி நாட்டவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். 6ஆம் நூற்றாண்டில் அல்தாய் மலைப் பகுதியில் இரும்பு வேலை செய்து, ரூரான்கள் என்ற நாடோடி அரசுக்கு அடங்கி இருந்தவர்கள் அஷினா குலத்தார். 552இல் அவர்கள் ரூரான்களை வீழ்த்தினார்கள். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் மஞ்சூரியாவின் விளிம்பிலிருந்து கருங்கடல் வரை அவர்கள் கை நீண்டது. கோக் துருக்கியர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பது இவர்களைத்தான். அரசருக்குப் பட்டம் ககான். 744இல் அவர்கள் இடத்தை ஊய்குர்கள் என்ற இன்னொரு துருக்கிய மக்கள் பிடித்து 840 வரை ஆண்டார்கள். இந்த முந்நூறு ஆண்டுகளில் சீனம், பாரசீகம், பைசாந்தியம் (கிழக்கு ரோமப் பேரரசு) ஆகியவற்றோடு இவர்கள் நடத்திய பேரங்களைப் பற்றியவை கீழே உள்ள பதில்கள்.

பேரரசுகளோடு முதல் உறவு எப்படி ஏற்பட்டது?

எதிரியின் எதிரியைத் தேடிப் போனதால். 545இல் வட சீனம் மேற்கு வெய், கிழக்கு வெய் என்று இரண்டாக உடைந்து கிடந்தது. கிழக்கு வெய் ரூரான்களோடு மணவுறவு கொண்டுவிட்டது. தனித்துவிடப்பட்ட மேற்கு வெய், ரூரான்களுக்குக் கீழே இருந்த துருக்கியர் தலைவர் பூமினிடம் ஒரு தூதுவரை அனுப்பியது. அவர் சீனர் அல்லர். எல்லை நகரமான ஜியூச்சுவானில் குடியிருந்த சொக்தியர். சொக்தியர் என்பவர்கள் சமர்கந்து, புகாரா வட்டாரத்து வணிகர்கள். அந்த ஒருவர் வந்ததையே துருக்கியர் திருவிழாவாகக் கொண்டாடினார்கள் என்று சீனப் பதிவு சொல்கிறது.

பிறகு பூமின் ரூரான் ககானிடம் பெண் கேட்டார். “நீ என் கொல்லன், என் அடிமை, உனக்கா பெண்?” என்ற பொருளில் பதில் வந்தது. அந்தப் பதிலைக் கொண்டுவந்த தூதுவரைக் கொன்றுவிட்டு பூமின் மேற்கு வெய்யிடம் பெண் கேட்டார். 551இல் சாங்லே இளவரசி வந்தார். மறு ஆண்டே ரூரான் ககான் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டார். முதல் தூதுவருக்கும் ககான் பட்டத்துக்கும் இடையே ஏழே ஆண்டுகள்.

ககானுக்கு ஏன் அவ்வளவு பட்டு தேவைப்பட்டது? உடுத்திக்கொள்ளவா?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே எளிது. ககானின் அரசு ஒரு கூட்டணி. அதில் பல குலங்கள். ஒவ்வொரு குலத்துக்கும் தனி மந்தை, தனி மேய்ச்சல் நிலம், தனிக் குதிரைப் படை. பிடிக்காவிட்டால் கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறொரு தலைவரிடம் போய்விடலாம். மதிலும் கோட்டையும் வைத்து அவர்களைப் பிடித்து நிறுத்த முடியாது. கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். கொடுப்பதற்கு மந்தைக்கு வெளியிலிருந்து ஒரு பொருள் வேண்டும். ஆடும் குதிரையும் எல்லாரிடமும் இருக்கின்றன. பட்டு எல்லாரிடமும் இல்லை.

பட்டு அழுகாது, எடை குறைவு, எங்கேயும் செல்லும். அன்றைய சீனத்தில் அது துணி மட்டுமல்ல, பணமும்கூட. வரியாக வாங்கினார்கள், படைவீரருக்குச் சம்பளமாகக் கொடுத்தார்கள். பின்னால் சீனத்தை ஆண்ட தாங் அரச மரபின் காலத்துக் கணக்கில் ஒரு சுருள் என்பது சுமார் 12 மீட்டர் நீளம், அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம். ககானுக்குக் கிடைத்த சுருள்களில் ஒரு பகுதி குலத் தலைவர்களுக்குப் போகும். மிஞ்சியதைச் சொக்திய வணிகர்கள் மேற்கே கொண்டுபோய் விற்பார்கள். பட்டு வருவது நின்றால் ககானின் பிடி தளரும். “பேராசை பிடித்த காட்டுமிராண்டிகள்” என்று அரண்மனை எழுத்தர்கள் எழுதி வைத்ததை இன்றும் பலர் திருப்பிச் சொல்வது வருத்தமாக இருக்கிறது. அரசை நடத்த வேறு வழி இல்லாத ஒருவர், தெளிந்த கணக்கோடு கேட்ட தொகை அது.

பட்டு மட்டும் கேட்டார்கள் என்பதும் சரியல்ல. 698இல் கப்பகான் ககான் சீனப் பேரரசி வூ செத்தியனிடம் வைத்த பட்டியலில் பட்டு 50,000 துண்டு, விதைத் தானியம் 40,000 ஹு (தானிய அளவை), உழவுக் கருவிகள் 3,000, இரும்பு 40,000 ஜின் (சீன எடை) இருந்தன. கூடவே, எல்லைக்குள் குடியேறியிருந்த துருக்கியக் குடும்பங்களையும் திருப்பி அனுப்பச் சொன்னார். விதையும் கலப்பையும் கேட்டவரை வெறும் கொள்ளைக்காரர் என்று சொல்ல முடியுமா?

கொடுக்கப்பட்டது திறையா, பரிசா, விலையா?

யார் எழுதினார் என்பதைப் பொறுத்தது. சீன அரண்மனைக் கணக்கில் ககான் அனுப்பும் குதிரைகள் ‘திறை’, பேரரசர் அனுப்பும் பட்டு ‘அருட்கொடை’. புல்வெளியில் அதே பட்டு தோற்றவர் கட்டும் கப்பம். பெயர் வேறானாலும் இரு பக்கமும் கையெழுத்திட முடிந்ததற்குக் காரணமே இந்த இரட்டைக் கணக்குத்தான்.

ஆனால் தொகையைப் பார்த்தால் யார் கை மேலே இருந்தது என்று தெரியும். 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட சீனத்தில் சோவ், ச்சீ என்ற இரு அரசுகள் மோதிக்கொண்டிருந்தன. சோவ் ஆண்டுக்கு 1,00,000 துண்டு பட்டு கொடுத்தது. தலைநகர் சாங்கானில் பட்டுடுத்தி இறைச்சி உண்டு ஆயிரக்கணக்கான துருக்கியர் விருந்தாளிகளாக இருந்தார்கள். ச்சீயும் கருவூலத்தைக் காலி செய்து கொடுத்தது. “தெற்கே என் இரு பிள்ளைகளும் அடக்கமாக இருக்கும்வரை எனக்கு வறுமை ஏது?” என்று தஸ்பர் ககான் (572–581) சொன்னதாகச் சீனர்களே பதிந்து வைத்திருக்கிறார்கள்.

தூதுவர் ககானின் முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் என்ன நடக்கும்?

நமக்குக் கிடைத்திருக்கும் மிக விரிவான வருணனை பைசாந்தியத் தூதுவர் செமார்க்கோஸின் பயணம். 569 ஆகஸ்டில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து புறப்பட்டு, மேற்குப் பகுதியை ஆண்ட இஸ்தமியின் முகாமுக்குப் போனார். கிரேக்கப் பதிவில் அந்த அரசரின் பெயர் சிசபுல்.

சொக்திய நாட்டில் குதிரையிலிருந்து இறங்கியதும் சில துருக்கியர் இரும்பை விலைக்கு நீட்டினார்கள். “எங்களிடம் இரும்புச் சுரங்கம் உண்டு” என்று காட்டத்தான் இது என்று பைசாந்தியர்கள் ஊகித்தார்கள். பின் பூசாரிகள் வந்தார்கள். மூட்டைகளை எல்லாம் தரையில் வைக்கச் சொல்லி, மணக் கட்டைகளைக் கொளுத்தி, மணியடித்து, பறை கொட்டி, மந்திரம் சொன்னார்கள். கடைசியில் செமார்க்கோஸையே நெருப்பின் ஊடாக நடக்க வைத்தார்கள். வெளியிலிருந்து வரும் தீங்கை நெருப்பு எரித்துவிடும் என்பது நம்பிக்கை. மறுத்தால் மேற்கொண்டு போக முடியாது.

அதன் பிறகே எக்தாக் மலையில் அரச தரிசனம். முதல் நாள் பட்டு விரித்த கூடாரம். ககான் இரு சக்கரம் வைத்த பொன் அரியணையில் இருந்தார், தேவையானபோது ஒரு குதிரையே அதை இழுத்துவிடும். மறுநாள் வேறு கூடாரம், மூன்றாம் நாள் இன்னொன்று. அதில் பொன் கட்டிலைப் பொன் மயில்கள் தாங்கி நின்றன. நாள் முழுக்க விருந்து. குடித்தது திராட்சை மது அல்ல என்பதையும் குறித்து வைத்திருக்கிறார்கள். மூன்று நாளும் செல்வத்தைக் கூட்டிக் கூட்டிக் காட்டியது தற்செயல் அல்ல. பேச்சு தொடங்கும் முன்பே, இரக்கப்பட்டுக் கொடுக்க வேண்டிய ஆள் தான் இல்லை என்று விருந்தாளிக்குப் புரிய வைக்கிறார் ககான்.

பிறகு இருக்கை வரிசை. தலாஸ் என்ற இடத்தில் பாரசீகத் தூதுவரும் வந்து சேர, ஒரே விருந்தில் இருவரையும் உட்கார வைத்து பைசாந்தியருக்கு உயர்ந்த இடம் கொடுத்தார் சிசபுல். பாரசீகருக்கு எதிராகப் போர் என்பதை அந்த இருக்கையே அறிவித்துவிட்டது.

தூதுவரின் உயிருக்குப் பாதுகாப்பு இருந்ததா?

வழக்கப்படி உண்டு. நடைமுறையில் பல முறை இல்லை.

செமார்க்கோஸ் பயணத்துக்குக் காரணமே ஒரு கொலைதான். துருக்கியரும் பாரசீகப் பேரரசர் முதலாம் குஸ்ரோவும் சேர்ந்து, நடு ஆசியாவை ஆண்ட ஹெப்தலைட்டுகளை 560 வாக்கில் அழித்திருந்தார்கள். பிறகு சொக்திய வணிகர் மனியாக், பாரசீகத்தில் பட்டு விற்க அனுமதி கேட்டுத் தூது போனார். குஸ்ரோ பட்டு முழுவதையும் விலை கொடுத்து வாங்கி, தூதுவர்கள் கண் முன்னாலேயே கொளுத்தினார். விலை தந்துவிட்டதால் திருட்டு அல்ல. உங்கள் வணிகம் இங்கே வேண்டாம் என்ற பதில் அது. இரண்டாவது குழுவில் போன துருக்கியர் நஞ்சால் செத்தார்கள். நாட்டின் வறண்ட காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று பாரசீகர் கதை பரப்பினார்கள். அதன் பிறகே மனியாக் பைசாந்தியத்தின் பக்கம் திரும்பினார்.

செமார்க்கோஸ் திரும்பும் வழியில் 4,000 பாரசீகர் பதுங்கியிருப்பதாகக் காக்கசஸ் பகுதி மக்களான ஆலானியர் எச்சரித்தார்கள். பட்டுச் சுமையோடு பத்துச் சுமைகாரர்களை அந்தப் பாதையில் முன்னே போகவிட்டு, அவர் வேறு வழியாகக் கருங்கடலை அடைந்து டிரெபிசோண்டு வழியே ஊர் சேர்ந்தார்.

630இல் நடந்தது இன்னும் கசப்பானது. தோல்வியில் இருந்த இல்லிக் ககானிடம் சமாதானம் பேச தாங் பேரரசர் அனுப்பிய தூதுவர் தாங் ஜியன் முகாமில் இருந்தார். தூதுவர் இங்கிருக்கும்போது படை வராது என்று துருக்கியர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தியே தளபதி லி ஜிங் தாக்கினார். தூதுவர் எப்படியோ தப்பினார், ககான் பிடிபட்டார், கிழக்குத் துருக்கிய அரசு அப்போதைக்கு முடிந்தது.

கடிதங்கள் எந்த மொழியில்? மொழிபெயர்ப்பில் சிக்கல் வந்ததா?

தொடக்க காலத்தில் எழுத்து மொழி சொக்தியம். மங்கோலியாவில் கிடைத்த, 580களைச் சேர்ந்த புகுத் கல்வெட்டு பெரும்பாலும் சொக்திய மொழியில்தான் இருக்கிறது. வணிகம், மொழிபெயர்ப்பு, தூது மூன்றும் ஒரே ஆட்களின் கையில் இருந்தன. அதனால் கருத்து எளிதில் போய்ச் சேர்ந்தது. வணிகர் நலனும் அரசர் நலனும் பிரிக்க முடியாமல் கலந்தும் போனது.

ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 584ஆம் ஆண்டு நிகழ்வு. இஷ்பரா ககான், அப்போது வட சீனத்தை ஆண்ட சுயி மரபுப் பேரரசரின் கடிதத்தை எழுந்து நின்று வாங்க மறுத்தார்; உடம்பு சரியில்லை என்றார். அவருடைய அரசி சீன இளவரசி. சுயி பேரரசர் அவரை மகளாக ஏற்றிருந்தார். “மாமனாருக்கு மருமகன் வணங்குவதில் என்ன குறை?” என்று தூதுவர் சாங்சுன் ஷெங் வழி செய்து கொடுத்தார். ககான் வணங்கினார். அடுத்து, தன்னை ‘சென்’ என்று எழுதச் சொன்னார்கள். அதன் பொருள் என்ன என்று அவர் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்க, “நம் பேச்சில் அடிமை என்பது போல” என்றார்கள். அரசருக்குக் கீழுள்ள அமைச்சரும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொல் அது. ககான் ஏற்றுக்கொண்டு, தலைமைத் தூதுவருக்கு 1,000 குதிரைகள் கொடுத்தார். அவருக்கு அப்போது மேற்கே உறவினர்களோடு போர். தெற்கே அமைதி தேவைப்பட்டது.

மகட்கொடை உண்மையில் எப்படி நடந்தது?

முதலில் ககான் கேட்பார், பெண் வீட்டார் இழுத்தடிப்பார்கள், இன்னொருவர் கூடுதலாகக் கொடுக்க முன்வருவார். முகான் ககான் தம் மகளைச் சோவ் பேரரசருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு, ச்சீ அதிகம் கொடுக்கவே மனம் மாறினார். அழைத்துப்போக வந்த சோவ் தூதுக்குழு புல்வெளியிலேயே மாட்டிக்கொண்டது. இடி மின்னலோடு புயல் வந்து கூடாரங்களைப் பிய்த்தெறியவும், வானத்தின் சினம் என்று அஞ்சி 568இல் பெண்ணை அனுப்பினார்.

எதிர்த் திசையில் போன பெண்கள் பெரும்பாலும் பேரரசரின் சொந்த மகள்கள் அல்லர். அரச குலத்தின் கிளைகளிலிருந்து எடுத்து ‘இளவரசி’ பட்டம் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். ககான்களுக்கும் இது தெரியும். 698இல் கப்பகான் தம் மகளைக் கொடுக்க முன்வந்தபோது பேரரசி வூ தம் குடும்பத்து இளைஞரை மாப்பிள்ளையாக அனுப்பினார். “நான் கேட்டது (தாங் அரச குலமான) லி குலத்து மாப்பிள்ளை, இவர் வூ” என்று கப்பகான் அவரைச் சிறைவைத்தார், தாங் அரச குலத்தை மீட்பதாகச் சொல்லிப் படையெடுத்தார்.

இந்தப் பெண்களை வெறும் பரிசுப் பொருளாகப் பார்ப்பது தவறு. 615இல் சுயி பேரரசர் யாங்கைத் தாக்க ஷிபி ககான் வருவதை முன்கூட்டியே எச்சரித்தவர் ககானின் சீன அரசி யிச்செங். யான்மென்னில் முற்றுகை இறுகியபோது, வடக்கே கலகம் என்று ககானுக்குச் செய்தி அனுப்பி முற்றுகையை விலகவும் வைத்தார். விலை கொடுத்தவர்களும் உண்டு. 758இல் ஊய்குர்களுக்குப் போன நிங்குவோ பேரரசரின் சொந்த மகள். மறு ஆண்டே ககான் இறக்க, அவரையும் சேர்த்துப் புதைக்கப் பார்த்தார்கள். மறுத்தார், ஊய்குர் வழக்கப்படி முகத்தைக் கீறி அழுதார். பிள்ளை இல்லாததால் நாடு திரும்ப விட்டார்கள்.

ககான்களைப் பேரரசுகள் எப்படிப் பிரித்தன?

புல்வெளியில் பட்டம் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகும். அடுத்த தலைமுறை வந்ததும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் எல்லாருக்கும் உரிமை. 581இல் தஸ்பர் இறந்ததும் அதுதான் நடந்தது. சாங்சுன் ஷெங் ஏற்கெனவே ஓர் இளவரசிக்குத் துணையாகப் போய், நல்ல வில்லாளி என்பதால் முகாமில் நெடுநாள் தங்கி, மலை, ஆறு, யாருக்கு யார் மேல் பொறாமை என்பதையெல்லாம் மனத்தில் வரைந்து வந்திருந்தார். அவர் சொன்ன திட்டம்: தூரத்தில் இருப்பவரோடு நட்பு, பக்கத்தில் இருப்பவரோடு போர்; வலியவரைத் தனிமைப்படுத்து, எளியவர்களைச் சேர்.

செய்முறை மிக மலிவானது. மேற்கே இருந்த தார்துவுக்கு ஓநாய்த் தலைக் கொடி ஒன்று போனது; அது ககானுக்கே உரிய சின்னம். அவருடைய தூதுவர்கள் சுயி அரண்மனைக்கு வந்தபோது இஷ்பராவின் தூதுவர்களுக்கு மேலே உட்கார வைக்கப்பட்டார்கள். ஒரு கொடி, ஓர் இருக்கை. சில ஆண்டுகளில் கிழக்கும் மேற்கும் தனித்தனி அரசுகள்.

படை உதவி வாங்கினால் என்ன செலவு, என்ன கெடும்?

சிறியதில் தொடங்கலாம். 617இல் லி யுவான் சுயி ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது துருக்கியரிடமிருந்து வந்தது 500 வீரர்கள், 2,000 குதிரைகள். வீரர்கள் குறைவாகவும் குதிரைகள் நிறையவும் வந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. பின்னால் தொல்லை இல்லை. தாங் அரச மரபு அப்படித்தான் தொடங்கியது.

757இல் அந்த எச்சரிக்கை இல்லை. தளபதி ஆன் லுஷான் தொடங்கிய கலகத்தில் தலைநகரை இழந்த தாங், 4,000 ஊய்குர் குதிரை வீரர்களை அழைத்தது. அவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 200 ஆடு, 20 மாடு, 40 ஹு அரிசி. ஒப்பந்தம் இப்படி: நகரம் மீண்டால் நிலமும் குடிமக்களும் தாங்குக்கு, பொன், பட்டு, பெண்கள், பிள்ளைகள் ஊய்குர்களுக்கு. சாங்கான் மீண்டதும் தாங் இளவரசர் ஊய்குர் தலைவர் முன் மண்டியிட்டு, இங்கே கொள்ளையடித்தால் இன்னொரு தலைநகரான லுவோயாங் மக்கள் கலகக்காரர் பக்கம் நின்றுவிடுவார்கள், அதுவரை பொறுங்கள் என்று கெஞ்சினார். லுவோயாங் மூன்று நாள் சூறையாடப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் 10,000 சுருள் பட்டு திரட்டிக் கொடுத்த பிறகே நின்றது. அதற்கு மேல் ஆண்டுக்கு 20,000 சுருள்.

எந்தக் கூட்டணிப் படையும் தன் வீரர்களைத் தேவைக்கு மேல் சாகவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 564 தொடக்கத்தில் சோவ் படைக்குத் துணையாக ச்சீயின் ஜின்யாங் நகருக்கு வந்த முகானின் பெரும்படை, ச்சீ அணிவகுப்பைப் பார்த்ததும் மலை மேல் ஏறி நின்றுகொண்டது. திரும்பும் வழியெல்லாம் கொள்ளையடித்துப் போனது.

குதிரைக்குப் பட்டு என்ற வணிகம் ஏன் கசந்தது?

விலை, ஒரு குதிரைக்கு 40 சுருள். நட்புக்கான தொகையும் அந்த விலைக்குள்ளேயே மறைந்திருந்தது. அதனால் தரம் விழுந்தது. மெலிந்த, நோய்பட்ட குதிரைகள் வந்தன. 773இல் 10,000 குதிரைகளோடு வந்தார்கள். தாங் அரசு 6,000ஐ எடுத்துக்கொண்டது. திரும்பிப் போன பரிசும் விலையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்.

கடன் ஏறியது. 780இல் ஓர் எல்லை அதிகாரி, ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஊய்குர், சொக்தியர் 900 பேருக்கு மேல் கொன்றார்; கொல்லப்பட்ட தலைவர் ககானின் உறவினர். போர் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ககான் சொன்ன பதில்: இரத்தத்தை இரத்தத்தால் கழுவினால் கறைதான் கூடும், நான் தண்ணீரால் கழுவுகிறேன், குதிரை விலைப் பாக்கி 18,00,000 சுருளைச் சீக்கிரம் அனுப்புங்கள். பகைக்கு நடுவில் கணக்கை மறக்காத அந்த நிதானத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை.

787இல் அமைச்சர் லி பி வணிகத்தைச் சீர்படுத்தினார். ஒரு தூதுக்குழுவில் 200 பேருக்கு மேல் கூடாது, ஒரு முறைக்கு 1,000 குதிரைக்கு மேல் கூடாது, சீனரையோ சொக்திய வணிகரையோ எல்லைக்கு வெளியே கூட்டிப் போகக் கூடாது, ககான் தம்மை மகன் என்றும் ‘சென்’ என்றும் எழுத வேண்டும். பதிலுக்கு ஓர் இளவரசி. ஊய்குர்கள் ஏற்றார்கள்.

பைசாந்தியக் கூட்டணி ஏன் பத்தாண்டுகூட நிலைக்கவில்லை?

இரு பக்கமும் ஒரே போரை ஒரே நேரத்தில் நடத்த முடியாத தூரம் ஒரு காரணம். பெரிய காரணம், மேற்கே ஓடி வந்திருந்த அவார்கள் என்ற நாடோடிகள். துருக்கியர் பார்வையில் அவர்கள் தப்பியோடிய அடிமைகள். பைசாந்தியமோ 570களின் நடுவில் அவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 பொற்காசு கொடுக்கத் தொடங்கியது. 576இல் தூதுவர் வாலன்டைன் வந்தபோது தந்தை சிசபுலை இழந்திருந்த துர்க்ஸாந்தோஸ், பத்து விரலையும் வாயில் வைத்துக் காட்டி, “உங்களுக்குப் பத்து நாக்கு, ஒன்றால் என்னை ஏமாற்றுகிறீர்கள், இன்னொன்றால் என் அடிமைகளை” என்ற பொருளில் கத்தினார். பைசாந்தியர் காக்கசஸ் மலை வழியாகத் தம் ஆட்களைச் சுற்றவைத்து வேறு வழி இல்லை என்று நடிக்கிறார்கள், ஆனால் நீப்பர், டான்யூப் ஆறுகள் எங்கே ஓடுகின்றன என்று எனக்குத் தெரியும் என்றார். துக்கத்துக்காகத் தூதுவர்கள் கன்னத்தைக் கத்தியால் கீறிக்கொள்ள வேண்டியிருந்தது. கிரிமியாவின் போஸ்போரஸ் நகரைத் துருக்கியப் படை முற்றுகையிட்டது.

பிற்காலத்தில் பைசாந்தியம் இதிலிருந்து பாடம் கற்றதா?

ஓரளவு. கருங்கடலுக்கு வடக்கே ஆண்ட கசார் என்ற துருக்கிய மக்களின் ககானின் மகளை, பிற்காலத்தில் பைசாந்தியப் பேரரசரான ஐந்தாம் கான்ஸ்டன்டைன் மணந்தார். அவர்கள் மகன் நான்காம் லியோ ‘கசார்’ என்ற பெயரோடே பேரரசரானார். 10ஆம் நூற்றாண்டில் பெச்செனெகுகள் என்ற துருக்கிய நாடோடிகளோடு நடந்த பேரத்தில், கிரிமியாவின் கெர்சன் நகரத்துக்கு வந்த அரச முகவர் முதலில் பிணை ஆட்களை வாங்கிக்கொண்டே பேசினார். அவர்களுக்குக் கொடுத்த பொருள்களில் ஊதாத் துணி, ரிப்பன், தோல் ஆகியவற்றோடு மிளகும் உண்டு. அந்நாளில் மிளகு தென்னிந்தியாவின் மேற்குக் கரையில் விளைந்து அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

துருக்கியர் தாங்களே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா?

எழுதியிருக்கிறார்கள், கல்லில். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் நிற்கும் குல் தெகின் கல்வெட்டு 732இல் வெட்டப்பட்டது. குல் தெகினின் அண்ணன் பில்கே ககான். 727இல் திபெத்தியர், இருவரும் சேர்ந்து சீனத்தைத் தாக்கலாம் என்று இவருக்குக் கடிதம் எழுத, அந்தக் கடிதத்தையே தம் அமைச்சர் புய்ருக் சோர் மூலம் தாங் பேரரசர் சுவான்சோங்கிடம் அனுப்பினார். மகிழ்ந்த பேரரசர் எல்லையில் சந்தை திறந்தார். 734இல் பில்கேக்கு நஞ்சிட்டவர் அதே புய்ருக் சோர்.

தம்பி இறந்தபோது சுவான்சோங் இரங்கல் தூதும், ஆறு தேர்ந்த கலைஞர்களையும் அனுப்பினார். அதனால் அந்தக் கல்லின் ஒரு முகத்தில் சீனம்: இரு அரசுகளும் தந்தை மகன் போல என்கிறது. மற்ற முகங்களில் துருக்கியம்: சீனரின் இனிய சொல்லையும் மென்மையான பட்டையும் நம்பி நெருங்கிப் போனவர்கள் பலர் செத்தார்கள், துருக்கிய மக்களே, என்கிறது.